நாற்பதில் வந்தால் ஒரு ரொட்டி

ஆல்டர் தெருவில் ரைலி நியேமியிடம் தலையைக் கொடுக்காதவர்கள் குறைவு. வீட்டின் கீழ்த்தளத்தில் சுழல் நாற்காலி இரண்டைப் போட்டு, பெண்களுக்கு முடியைச் சுருட்டியும் ஆண்களுக்கு வழுக்கையை மறைத்தும் அவள் பிழைத்து வந்தாள். கத்தரியோடு சேர்ந்து நாக்கும் ஓடும். பொய் சொன்னால் முகத்தில் ஒரு தசை ஆடாது. ஒருமுறை தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி வந்து, "வெளிய தெரியாத மாதிரி லேசா ஒரு சாயம் போட்டு விடு. யாருக்கும் சொல்லாதே" என்றாள். ரைலி சொல்லவில்லைதான். ஆனால் குழுவில் இருந்த மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தபோது, "உனக்குன்னு ஒரு நிறம் எடுத்து வச்சிருக்கேன், ஊர்ல வேற எவளுக்கும் கிடையாது" என்று அதே சாயத்தைப் பூசி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குழுவும் ஒரே செம்புத் தலையோடு வரிசை கட்டி நின்று பாடியது. பாதிரியார் அன்றைக்குப் பாட்டு முடிகிறவரை கண்ணைத் திறக்காமல் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அவள் கணவர் எய்னோ அதற்கு நேர் எதிர். காகித ஆலையின் இரைச்சலில் வேலை பார்த்தவர். பேசினால் யாருக்கும் கேட்காது என்று பேச்சையே விட்டவர் மாதிரி இருப்பார். பேசுகிற நாலு வார்த்தையும் சுருக்கென்று இருக்கும். தினமும் காலையில் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் இருக்கும் ஃபின்லாந்துக்காரர்களின் சங்கக் கூடத்துக்குப் போவார். அங்கே பழைய ஆலைக் கூட்டாளிகளோடு காபி, சீட்டாட்டம், குளிரைப் பற்றிக் கொஞ்சம் புலம்பல். மதியத்துக்குத் திரும்பி வருவார். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போகத்தான் செய்தார்.

சிக்கல் தெருவில் இருந்தது. சுப்பீரியர் ஏரியின் வடகரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், நெடுஞ்சாலையிலிருந்து ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குப் போக நேர்வழி ஒன்று உண்டு. ஆனால் அதில் சிக்னல்கள் உண்டு. ஆல்டர் தெருவில் ஒன்றும் கிடையாது. பிள்ளையை ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிற அப்பாக்கள் எல்லாரும், தாங்களே ஆடப்போகிற மாதிரி, அந்தத் தெரு வழியாகப் பறப்பார்கள்.

பனி உருகிக்கொண்டிருந்த ஏப்ரலில் ஒருநாள், எய்னோ நடுத்தெருவில் இருக்கும்போது ஒரு கறுப்பு ட்ரக் வந்தது. அதன் பக்கக் கண்ணாடி அவருடைய கைத்தடியில் பட்டது. தடி பறந்து எதிர்வீட்டு மிசஸ் டன்பாரின் வேலிக்குள் போய் விழுந்தது. எய்னோ விழவில்லை. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார். ட்ரக் நிற்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ரைலிக்கு அது யார் வண்டி என்று தெரியும். குழாய் வேலை பார்க்கும் டுவேன். ஹாக்கிப் பயிற்சியாளனும் அவன்தான். அவனுடைய ரெட்டைச் சுழித் தலைக்கு முதல் முதலாக முடி வெட்டியவளே அவள்தான்.

"இப்பவே போய் அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்" என்று கோட்டை எடுத்தாள்.

"விடு" என்றார் எய்னோ. "அவன் கவனிச்சிருக்க மாட்டான். சொல்லாதே."

"ஏன் சொல்லக் கூடாது?"

"வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லணும். எனக்கு அதெல்லாம் வராது."

மறுநாள் எய்னோ சங்கத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கேட்டதற்கு, "அங்க காபி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

"நீ ஆலைல சேர்ந்த நாள்லேருந்து அது அப்படித்தானே இருக்கு?"

"இப்பதான் என் நாக்குக்குத் தெரியுது."

ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே சங்கத்தின் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏமாற்றுகிறவளை ஏமாற்ற முடியுமா? காபி இல்லை, தெருதான் காரணம் என்று ரைலிக்குப் புரிந்துவிட்டது.

நகராட்சிக்குப் போனாள். போக்குவரத்து இன்ஜினியர் பெயர் ப்ளென். மெலிந்த மனிதர், மெதுவான குரல். ரைலி தெருவில் ஒரு ஜீப்ரா கிராஸிங் வேண்டும் என்றாள், பொத்தானை அமுக்கினால் விளக்கு மின்னுகிற மாதிரி.

"கிராஸிங் போடணும்னா அந்தத் தெருவுல இத்தனை வண்டி ஓடணும்னு ஒரு விதி இருக்கு, மிசஸ் நியேமி. உங்க தெருவுல அவ்வளவு ஓடல."

"ஓடுறது எல்லாம் பறக்குதே?"

"பறக்கறது வேற கணக்கு."

"அப்ப இன்னும் நிறைய வண்டி வந்து இன்னும் நாலு பேரை இடிச்சாத்தான் கிராஸிங் வருமா?"

ப்ளென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அப்படிச் சொல்லல."

"நான் சொல்றேன். சரியா சொல்றேனா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏறக்குறைய" என்றார். மறுபடி ஒருமுறை வண்டிகளை எண்ணிப் பார்க்க ஏற்பாடு செய்வதாக வாக்குக் கொடுத்தார். எப்போது என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் ரைலி புல்வெளியில் மடக்கு நாற்காலியைப் போட்டாள். எய்னோ வேட்டைக்குப் போகும்போது போடுகிற ஆரஞ்சு மேலங்கியை மாட்டினாள். கறுப்புக் கண்ணாடி. கையில் கீழ்த்தளத்துப் பழைய ஹேர் டிரையர், நீண்ட மூக்கு வைத்தது. தெருமுனையில் வண்டி திரும்பியதும், போலீஸ் வேகம் அளக்கிற ரேடாரைப் பிடிப்பது மாதிரி, இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் குறிபார்த்தாள். வண்டிகள் கிறீச்சென்று மூக்கைத் தரையில் தேய்த்தன. ஒரு வேன் ஓட்டுநர் பயந்துபோய் சீட் பெல்ட்டை மாட்டினார், ஃபோனை எறிந்தார், கடைசியில் தொப்பியையும் கழற்றினார். ஜன்னலுக்குள் எய்னோவின் தோள்கள் குலுங்குவது ரைலிக்குத் தெரிந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை.

யாரோ புகார் செய்ய, போலீஸிலிருந்து லொரெட்டா வந்தாள். உயரமான பெண், சிரிப்பை அடக்குவதற்காக எப்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

"கையில என்ன, ரைலி?"

"ஹேர் டிரையர்."

"வெளிய வச்சு என்ன பண்றீங்க?"

"தலை காய வைக்கிறேன்."

"தலை காஞ்சுதானே இருக்கு?"

"பாத்தியா, எவ்வளவு நல்லா வேலை செய்யுது!"

"பிளக் எங்க?"

"கரன்ட்டை மிச்சம் பிடிக்கிறேன்."

லொரெட்டா புல்லில் உட்கார்ந்தே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போலீஸில் ஒரு திட்டம் இருப்பதாகச் சொன்னாள். தெருக்காரர்களே உட்கார்ந்து வேகத்தைக் கண்காணிக்கலாம். நிஜ ரேடார் தருவார்கள், வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகிற மின்பலகை தருவார்கள், மஞ்சள் மேலங்கி தருவார்கள். மிஞ்சி ஓட்டுகிறவனுக்கு ஸ்டேஷனிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போகும்.

"ஆனா நீங்க வண்டியை நிறுத்தக் கூடாது. கை காட்டக் கூடாது. திட்டக் கூடாது."

"சிரிக்கலாமா?"

"அளவா."

இரண்டு பேராக உட்கார வேண்டும் என்பது விதி. தெருவில் கூட வருவதற்குத் தயாராக இருந்தது ஒரே ஆள், மூன்றாவது வீட்டு உகோ கொலோசிமோ. ரயில்வேயில் பெட்டிகளைச் சோதித்து ஓய்வுபெற்றவர். விதி என்று எழுதியிருந்தால் பால் பாட்டிலின் மூடியில் எழுதியிருப்பதையும் கடைப்பிடிப்பார். பயிற்சிக்கு இரண்டு பேரும் போனார்கள். உகோ கேள்வி கேட்டார், ரைலி தூங்கினாள்.

முதல் சில நாள்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. தெருவின் வேக வரம்பு மணிக்கு நாற்பது கிலோமீட்டர். பலகையில் ஐம்பத்தைந்து என்று சிவப்பாக மின்னியதும் வண்டிகள் வெட்கப்பட்டு அடங்கின. பிறகு ஹாக்கி அப்பாக்களுக்கு விஷயம் பிடிபட்டது. இது வெறும் பலகை; இதற்குக் கடிக்கத் தெரியாது. அதோடு, எண்ணைக் காட்டுகிற பலகை என்றால் அதில் பெரிய எண்ணை வரவழைக்க வேண்டாமா? ஒருவன் அறுபது போட்டான். இன்னொருவன் அறுபத்துநாலு. டுவேன் எழுபத்தொன்று போட்டு, ஹாரனை அடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தை அரங்கத்தின் உடைமாற்றும் அறையில் பதக்கம் மாதிரி ஒட்டி வைத்திருக்கிறான் என்று செய்தி வந்தது.

"நாம வர்றதுக்கு முன்னால இவ்வளவு வேகம் இல்ல" என்றார் உகோ, இடிந்துபோய். "நம்மாலதான் கூடிருக்கு."

ரைலி பலகையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உகோ, இவனுங்களுக்கு வேணுங்கறது வேகமா? நம்பர்தான் வேணும். அந்த நம்பரை நாம மாத்திடுவோம்."

"பலகையைத் திருத்தக் கூடாது! பயிற்சியிலயே சொன்னாங்க."

"பலகையை யாரு தொட்டா?"

மறுநாள் அவள் வேலியில் ஓர் அட்டை தொங்கியது: "சரியாக நாற்பதில் வருபவருக்கு ஒரு புல்லா. ஒரு நாளைக்கு ஒருவர்." புல்லா என்றால் ஏலக்காய் இடித்துப் போட்டு, பின்னல் மாதிரி முறுக்கிச் சுடும் இனிப்பு ரொட்டி. ரைலி சுடுகிற புல்லாவின் மணம் தெருமுனைவரை போகும். கிறிஸ்துமஸுக்கு அவள் கையால் ஒன்று கிடைத்தவர்கள் அதைப் பற்றி ஈஸ்டர்வரை பேசுவார்கள்.

உகோ விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "கண்காணிப்பாளர் ஓட்டுநரிடம் எந்தப் பொருளையும் தரவோ பெறவோ கூடாது. இதோ இருக்கு."

"கண்காணிப்பாளர் தரக் கூடாது. ரைலி தரலாம்ல?"

அன்றிலிருந்து அந்தக் கூத்து தினமும் நடந்தது. பலகையில் நாற்பது வந்ததும் ரைலி எழுந்து மஞ்சள் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவாள். வேலிக்கு வெளியே நடந்துபோய் ரொட்டியைக் கொடுப்பாள். திரும்பி வந்து மேலங்கியை மாட்டிக்கொள்வாள். "யாரோ ஒரு பொம்பள ரொட்டி கொடுத்துட்டுப் போனா, பாத்தீங்களா உகோ?" என்பாள். உகோ வானத்தைப் பார்ப்பார்.

நாற்பது என்பது கேட்க எளிது, பிடிக்கக் கடினம். வண்டியின் முள் ஒன்று காட்டும், ரேடார் வேறு காட்டும். முப்பத்தொன்பது வரும், நாற்பத்திரண்டு வரும். வழுக்கிப் போனவர்கள் தேவாலயத்தைச் சுற்றி வந்து மறுபடி முயன்றார்கள். மறுபடியும் சுற்றினார்கள். தபால்காரர் சுற்றினார். ஆட்டம் முடிந்து திரும்புகிற அப்பாக்கள், பின்சீட்டில் பிள்ளைகள் "அப்பா கொஞ்சம் குறை, கொஞ்சம் குறை!" என்று கத்த, சுற்றினார்கள். பக்கத்து ஊரிலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை முள்ளில் வைத்து, ஆடாமல் அசையாமல் வண்டிகள் ஊர்ந்தன. சவ ஊர்வலம் கூட அவ்வளவு பயபக்தியோடு போகாது.

மிசஸ் டன்பார் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்தாள். "ரைலி, முன்னாடி வேகமாப் போனானுங்க, நடுவுல ஒரு இடைவெளியாவது இருந்துச்சு. இப்ப என் காரை வெளிய எடுக்க முடியல! இந்த எறும்பு வரிசையை எப்ப நிறுத்தப் போற?"

"உனக்கும் ஒரு புல்லா வேணுமா?"

"பேச்சை மாத்தாதே." சற்று நின்றாள். "திராட்சை போட்டதா, போடாததா?"

எல்லாரையும்விட மோசமாக மாட்டிக்கொண்டவன் டுவேன். எழுபத்தொன்று போட்டவனுக்கு நாற்பது வரவில்லை. முப்பத்தெட்டு. நாற்பத்துமூன்று. ஒருநாள் நாற்பத்தொன்று வந்தபோது ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். ரைலிக்கு அதைப் பார்க்க இனித்தது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. வெளியே சொல்ல முடியாத கோபம் என்பதால் அது உள்ளேயே புளித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் காலை நகராட்சி ஆட்கள் வந்து தெருவின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களைப் பதித்து, கம்பத்தடியில் ஒரு பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ரைலிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சமையலறைக்குப் போய் மாவு டப்பாவைத் திறந்து பார்த்தாள். ப்ளென் வாக்குக் காப்பாற்றிவிட்டார். வண்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

"இந்த வாரம் ரொட்டியை நிறுத்திடுங்க" என்றார் உகோ. "அப்பதான் நியாயமான கணக்கு."

"இந்த வாரம் ஒரு நாளைக்கு ரெண்டு ரொட்டி."

"இது ஏமாத்து வேலை!"

"நான் ரொட்டி சுடறேன். வீட்டுல அடுப்பு இருக்கறவ சுடத்தான் செய்வா. வண்டி வரச் சொல்லி யாரு வீட்டுக்காவது போய் கதவைத் தட்டினேனா?"

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அது மேலங்கியில இருக்கு. கழட்டி வச்சிருக்கேன்."

அந்த வாரம் தெரு திருவிழாவாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை அரங்கத்திலிருந்து கூட்டம் திரும்புகிற நேரம். கறுப்பு ட்ரக் முனையில் திரும்பியது. ஊர்ந்தது. பலகை ஒரு கணம் தயங்கியது. பிறகு நாற்பது என்று பச்சையாக ஒளிர்ந்தது. உகோ தன்னை மறந்து கைதட்டிவிட்டு, விதி ஞாபகம் வந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

டுவேன் ட்ரக்கை அங்கேயே நிறுத்தி ஜன்னலை இறக்கினான். "மிசஸ் நியேமி! பாத்தீங்களா! நாற்பது! சுத்தமான நாற்பது!" கோப்பை ஜெயித்த குழந்தை மாதிரி முகமெல்லாம் பல்.

ரைலி மேலங்கியைக் கழற்றினாள். ரொட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஜன்னலருகே நின்றாள். கொடுக்கவில்லை.

"என்ன, குடுக்க மனசு வரலியா?" என்று சிரித்தான்.

"வரல, டுவேன்."

வேடிக்கைப் பேச்சை விட்டு, அவள் நடுத்தெருவைச் சுட்டிக்காட்டினாள்.

"பனி உருகுன சமயம், இதே இடத்துல, உன் வண்டிக் கண்ணாடி எய்னோவோட கைத்தடியை அடிச்சுது. தடி அந்த வேலிக்குள்ள போய் விழுந்துது. அவரு நடுரோட்டுல ஒத்தக்கால்ல நின்னாரு. நீ திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்கப்புறம் அவரு இந்த ரோட்டைத் தாண்டல."

டுவேனின் பல் மறைந்தது. "நானா?"

"நீதான். நான் ஜன்னல்லேருந்து பாத்தேன்."

"யாருமே எங்கிட்ட சொல்லலியே…"

"சொல்லக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு. இப்ப நான் சொல்லிட்டேன். இன்னைக்கு ராத்திரி எனக்கு வீட்டுல கச்சேரி இருக்கு." ரொட்டியை அவன் மடியில் போட்டாள். "இந்தா. ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

அவன் ட்ரக்கை ஓரங்கட்டவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. இறங்கி ரொட்டியைக் கையில் பிடித்தபடி நேராக வீட்டுக்குள் போனான். பின்னால் வரிசையாக வண்டிகள் நின்றன, ஹாரன்கள் அலறின. கை காட்டக் கூடாது என்ற விதிக்கும் வழிவிட வேண்டிய அவசரத்துக்கும் நடுவில் உகோ தவித்து, தலையாலேயே வண்டிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்த எய்னோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற டுவேனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

ஃபின்னிஷில் ஒரு வார்த்தை சொன்னார். அது அச்சில் ஏற்றுகிற வார்த்தை இல்லை.

"மிஸ்டர் நியேமி" என்றான் டுவேன். "அன்னைக்கு ஏதோ தட்டுன மாதிரிதான் இருந்துச்சு. நான்… குப்பைத் தொட்டின்னு நினைச்சேன்."

"எது?"

"நீங்க. உங்க தடி. குப்பைத் தொட்டின்னு…"

எய்னோ அவனை உற்றுப் பார்த்தார். வயிற்றுக்குள் எங்கேயோ தொடங்கிய ஏதோ ஒன்று மெல்ல மேலே ஏறி, தோளைக் குலுக்கி, வாய்வழியாக வெளியே வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆலைல ஃபோர்மன் என்னை என்னென்னவோ சொல்லிருக்கான். இது ஒண்ணைச் சொல்ல அவனுக்கே தோணல. உக்காரு. முகத்தை அப்படி வச்சுக்காதே, பாக்கச் சகிக்கல. ரொட்டியை வெட்டு."

டுவேன் அழுதுகொண்டே வெட்டினான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். வெளியே மிசஸ் டன்பார் ட்ரக்கின் சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு ரைலி எதிர்பார்த்த கச்சேரி நடக்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு எய்னோ, "சங்கத்துக் காபி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

குழாயை எடுத்துக்கொண்டு போன சில நாளில் ப்ளென் ஒரு சாம்பல் நிறக் காரில் வந்து இறங்கினார். கணக்கு முன்பைவிட மூன்று மடங்காக இருக்கிறது, ஒருவேளை பெட்டியில் கோளாறோ என்று பார்க்க வந்தாராம். ரைலி முகத்தில் ஒரு தசை ஆடாமல், "ஊர் வளருது" என்றாள்.

உகோவால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, ராணுவத்தில் சரணடைகிறவர் மாதிரி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அட்டை, ரொட்டி, மேலங்கி, தேவாலயத்தைச் சுற்றுவது, எண்ணுகிற வாரத்தில் இரண்டு ரொட்டி. ரைலி அவர் காலை மிதித்துப் பார்த்தாள். ரயில்வே பூட்ஸ், ஒன்றும் உறைக்கவில்லை.

ப்ளென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப வண்டி ஓடினது நிஜம்?"

"நிஜம். ஆனா ரொட்டிக்காக ஓடுச்சு."

"வண்டி எதுக்காக வருதுன்னு எங்க விதியில கேள்வியே கிடையாது, மிஸ்டர் கொலோசிமோ. கடைக்கு வருது, கல்யாணத்துக்கு வருது, ரொட்டிக்கு வருது. வருதாங்கறதுதான் கேள்வி." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "விதியை நீங்களே படிச்சுப் பாக்கலாம்."

உகோ வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அப்படி ஓர் ஓட்டை விதியில் இருக்கும் என்பதையே அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு நாள் காவலுக்கு வரவில்லை. ரைலிக்கும் உள்ளூர ஏமாற்றம்தான். அவ்வளவு பாடுபட்டு ஒருத்தரை ஏமாற்றியிருக்கிறோம் என்று நினைத்திருந்தவளுக்கு, அவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார் என்பது சப்பென்று ஆகிவிட்டது.

அக்டோபரில் தெருவில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. இரண்டு பக்கமும் கம்பம், பொத்தான், மஞ்சள் விளக்கு. முதல் நாள் காலை ரைலி சங்கத்தின் வாசலில் நின்றாள், எதிர்ப்பக்கம் எய்னோ. கூட வருகிறேன் என்றதற்கு முறைத்திருந்தார். பொத்தானை அமுக்கினார். விளக்கு மின்னியது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன.

எய்னோ நகரவில்லை.

சங்கத்தின் ஜன்னலில் கூட்டாளிகளின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. விளக்கு மின்னி மின்னி அணைந்தது. வண்டிகள் போயின. அவர் மறுபடி அமுக்கினார். மறுபடி வண்டிகள் நின்றன. தடியின் நுனி நடைபாதை விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்கியது. ரைலிக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளக் கால் துடித்தது. போனால் அவர் இனி எப்போதும் தாண்ட மாட்டார் என்றும் தெரிந்தது.

"ஏய் குப்பைத் தொட்டி!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "லாரி வந்து தூக்கிட்டுப் போகட்டும்னு நிக்கிறியா?"

நின்ற வண்டிகளில் ஒன்றிலிருந்து யாரோ சிரித்தார்கள். எய்னோ அவளை நோக்கித் தடியை ஆட்டினார். ஆட்டிய வேகத்தில் ஒரு கால் கீழே இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான் என்று அடுத்த காலையும் இழுத்தார். வழிநெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க நின்று, "கத்துறதுக்கு வேற வார்த்தை கிடைக்கலியா?" என்றார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பொத்தானின் ருசி கண்டுவிட்டார். காலையில் சீட்டாட்டத்துக்கு ஒரு தடவை, மறந்துபோன கைக்குட்டைக்கு ஒரு தடவை, மாலையில் ஹாக்கிக்காரர்கள் பறந்துவருகிற நேரம் பார்த்து, காரணமே இல்லாமல் ஒரு தடவை. நடுக்கோட்டில் நின்று இரண்டு பக்கமும் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பார். டுவேனின் ட்ரக் நின்றால் மட்டும் அதன் பக்கக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். டுவேன் இப்போது சனிக்கிழமைகளில் மஞ்சள் மேலங்கி போட்டு ரேடாரோடு உட்காருகிறான். தன் கூட்டாளிகளின் வண்டி வந்தால் உகோவைவிடக் கறாராக இருக்கிறான். தெரு முழுக்கத் திருந்திவிட்டது என்று சொல்வதற்கில்லை. பறக்கிறவர்களில் ஒன்றிரண்டு பேர் இன்னும் பறக்கத்தான் செய்கிறார்கள்.

ஒரு கிழவர் வேண்டுமென்றே மெதுவாக நடந்து போக்குவரத்தைக் கெடுக்கிறார் என்று புகார் போய், லொரெட்டா வந்து விசாரித்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம் தாண்டக் கூடாதா, எய்னோ?"

"இந்தத் தெருவுல வேகம் கூடாதுன்னு பலகை வச்சிருக்கே" என்றார் அவர்.

அந்த வாரமே உகோ மூச்சிரைக்க ரைலியின் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். மலைச்சரிவுத் தெருக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே சரிவில் வண்டிகள் தலைதெறிக்க இறங்குகின்றன, நம் இரண்டு பேரையும் வந்து பார்க்கச் சொல்கிறார்கள் என்றார்.

"அங்க ரொம்ப வேகமா ஓட்டுறது யாரு?" என்று கேட்டாள் ரைலி, ஒருத்தியின் முடியைச் சுருட்டியபடி.

உகோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "லொரெட்டாவோட அம்மா."

ரைலி சுருட்டிய முடியை அப்படியே விட்டுவிட்டு, கோட்டைத் தேடப் போனாள்.